கிளெமென்ட் கொடுத்த சுரை விதை

ரோசலினிடம் ஒரு செடியின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் திண்டுக்கல்லில் பலபேர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள். பெயர் சரியாக வரும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பெயர் தனியாக வராது. கேட்டவரின் புத்தி, அவர் போட்டோ எடுத்த லட்சணம், அவரை நம்பி வாழ வந்த செடியின் தலையெழுத்து என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அது வந்து சேரும்.

பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்றவள். காலேஜ் பிள்ளைகளை அதட்டியே பழகிய தொண்டை. வேலையை விட்டு வந்தபோது சாவிக்கொத்தை ஒப்படைத்தாளே தவிர, தொண்டையை ஒப்படைக்கவில்லை. கணவர் ஞானதாஸ் இறந்துவிட்டார். மகன் பிராங்கிளின் கோயம்புத்தூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போன் போடுவான். அம்மா பேச ஆரம்பித்ததும் அவன் வீட்டில் சிக்னல் போய்விடும். மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆக, மேற்கு மரியநாதபுரத்தில் அந்த மாடி வீட்டில் அவளுடைய அதட்டலைக் கேட்க மிஞ்சியவை செடிகள்தான். அவை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. மொட்டைமாடி முழுக்கத் தொட்டிகள், பெயின்ட் வாளிகள், தெர்மாகோல் பெட்டிகள். கத்தரி, அவரை, பன்னீர் ரோஜா, சிறுமலையிலிருந்து வாங்கிவந்த எலுமிச்சை. மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் அவள் முதல் குடத்தைச் செடிகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, அடுத்த குடத்தைத்தான் அடுப்படிக்குக் கொண்டுபோவாள். அவள் அப்பாவுக்குச் சேவுகம்பட்டியில் கிணற்றுப் பாசனத்தில் காய்கறி வெள்ளாமை. இலையைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் அங்கே வந்ததுதான்.

'மொட்டைமாடித் தோட்டம் திண்டுக்கல்' என்கிற வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவளும் அவள்தான். நாளாக நாளாக ஆள் பெருகி, காலையில் கண் விழிப்பதற்குள் போட்டோக்கள் வந்து குவிந்தன. ஒருவர் குப்பைமேனியைப் படம் எடுத்துப் போட்டு, நர்சரியில் அபூர்வ மூலிகை என்று கொடுத்தார்கள், பெயர் என்ன என்று கேட்டார். இன்னொருவர் தன் கட்டைவிரலைப் பெரிதாக எடுத்து, அதன் ஓரத்தில் தெரிந்த பச்சையைக் காட்டி, இது என்ன செடி என்றார். ரோசலினுக்குத் தமிழில் டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. எல்லாவற்றுக்கும் வாய்ஸ் மெசேஜ்தான்.

"கட்டைவெரல் நல்லா வளந்திருக்கு, அதுக்கு என்னா உரம் போடுறீங்க. செடியக் கேட்டா செடியக் காட்டணும். இலைக்கு மேல் பக்கம், அடிப்பக்கம், கணு, பூ. நாலையும் வெளிச்சத்துல வச்சு எடுத்துட்டு வாங்க. இல்லாட்டி கேக்காதீங்க, எனக்கு வேற வேல இருக்கு."

ஆனால் படம் சரியாக வந்துவிட்டால் பதிலும் அப்பழுக்கில்லாமல் வரும். கறிவேப்பிலையில் கரி படிந்த மாதிரி இருக்கிறதே என்று ஒரு பெண் கேட்டாள். அவளுடைய குடும்ப வளர்ப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு ரோசலின் சொன்னாள்: "அது நோயில்ல. செதில் பூச்சி விட்ட தேன் மேல கரும்பூசணம் பிடிச்சிருக்கு. எறும்பு ஏறுதான்னு பாருங்க, ஏறும். வேப்பெண்ணெயில கொஞ்சூண்டு சோப்பக் கரைச்சு, தண்ணியக் கலந்து, சாயங்காலமா இலைக்கு அடியில படுறாப்புல அடிங்க. உச்சி வெயில்ல அடிச்சா இலை வெந்துபோகும், அப்புறம் என்கிட்ட வந்து அழுகக் கூடாது." இலை நுனி காய்கிறது என்பவர்களுக்கு, போர் தண்ணீரின் உப்புதான் காரணம், வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டிக்கு அடியில் வழிகிற அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவு, உரத்தைக் கொட்டாதே என்பாள்.

முதல் பாதி அர்ச்சனை, அடுத்த பாதி பிரசாதம் என்று குழுவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பேச்சு ஓடியது. அர்ச்சனையைப் பொறுத்துக்கொண்டு பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கிளெமென்ட் வேறு ரகம். தாடிக்கொம்பு ரோட்டில் புதிதாகப் பிரித்த பிளாட்டில் வீடு கட்டிய இன்சூரன்ஸ் ஏஜென்ட். எந்த போட்டோ வந்தாலும், "சூப்பர்ம்மா, நல்லா வரும்" என்பான். செடி செத்துப் போயிருந்தாலும் அதே பதில்தான். எல்லா வியாதிக்கும் அவனிடம் ஒரே மருந்து, புளித்த மோரில் பெருங்காயம். அவனுக்கு வாழைக்கும் கல்வாழைக்கும் வித்தியாசம் தெரியாது என்பது ரோசலினின் கட்சி. ஆனால் ஆள் சேர்ப்பதிலும் காலை வணக்கப் படம் போடுவதிலும் கெட்டிக்காரன் என்பதால் அவளே அவனைக் குழுவுக்கு இன்னொரு அட்மினாக ஆக்கிவைத்தாள். தன் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு அது என்று பின்னால் அடிக்கடி சொல்வாள். ஒரே தப்பா என்று கேட்க அவளிடம் யாருக்குத் தைரியம் வரும்.

ஆடி மாதம் கிளெமென்ட் தன் வீட்டில் விதைத் திருவிழா என்று ஒன்றைக் கூட்டினான். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. அவன் வீட்டுக் கொடியில் காய்த்த சுரைக்காயில் கூட்டு. கூட்டு நன்றாகத்தான் இருந்தது, ரோசலினே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். சாப்பிட்டவர்களுக்கு அதே கொடியில் முற்றவிட்டு எடுத்த விதையைச் சிறு சிறு கவரில் போட்டு, கவரோடு தன் விசிட்டிங் கார்டையும் பின் அடித்துக் கொடுத்தான்.

கை கழுவப் போன ரோசலின் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். காலி மனை. கருவேல முள்ளின் மேல் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. சுரை மாதிரியே இலை, சுரை மாதிரியே வெள்ளைப் பூ. காய்கள் மட்டும் குட்டையாக, கழுத்து சிறுத்துத் தொங்கின. கையை நீட்டி ஒரு பிஞ்சைப் பறித்து நகத்தால் கீறி நுனிநாக்கில் வைத்தாள். கசப்பு தாங்காமல் உடனே துப்பினாள். பேய்ச்சுரை.

அவள் உள்ளே போய் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "அந்தக் கொடி பூக்கும்போது உங்க கொடியும் பூத்துச்சா?"

"பூத்துச்சும்மா, ரெண்டு பக்கமும் ஒரே வெள்ளையா, பாக்கவே அழகா இருந்துச்சு," என்றான் கிளெமென்ட்.

"விதைக்கு விட்ட காயோட பூவுக்கு கவர் கட்டி வச்சீங்களா?"

"பூவுக்கு எதுக்கு வார்டனம்மா கவரு? குளிருமா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு ரோசலினின் நெஞ்சில் போய்த் தைத்தது. கையிலிருந்த தன் பங்கு விதைக் கவரை மேசை மேல் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கேயே நின்று, காய் இனித்தால் விதையும் இனிக்கும் என்று அர்த்தமில்லை, பூச்சி அந்தக் கொடியின் மகரந்தத்தை இந்தப் பூவில் கொண்டுவந்து வைத்திருந்தால் அடுத்த தலைமுறையில்தான் கசப்பு தெரியும் என்று நாலு வார்த்தை பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் ரோசலின் இல்லை.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் போனை வாய்க்கருகில் வைத்துக்கொண்டாள். கிளெமென்ட்டின் மோரில் ஆரம்பித்தாள். பெருங்காயத்துக்குப் போனாள். விசிட்டிங் கார்டு, அதில் இருந்த அவன் போட்டோ, அந்த போட்டோவில் அவன் போட்டிருந்த கோட்டு, பாலிசி எடுக்கவைத்து அவன் ஏமாற்றியதாக அவள் கேள்விப்பட்ட ஆட்கள், அவனைப் பெற்றவர்கள், அவன் கூட்டைத் தின்றுவிட்டுப் பல்லைக் காட்டியவர்கள் என்று ஒவ்வொருவராக எடுத்து உலர்த்திப் போட்டாள். கடைசியில் விதைக்கு வந்தாள். "காய்ல அப்பன் யாருன்னு தெரியாது, வெதையிலதான் தெரியும். நடுறவங்க நட்டுக்கங்க. காய் வந்ததும் ஒரு துண்டு நறுக்கி நாக்கு நுனியில வச்சுப் பாருங்க. கசந்துச்சுன்னா துப்பிட்டு, கொடியோட பிடுங்கி எறிஞ்சிருங்க. வேக வச்சாலும் அந்தக் கசப்பு போகாது, வயித்த அறுத்துரும்." அனுப்பிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள்.

கிளெமென்ட் பதிலுக்குக் கும்பிடு போடுகிற கைப் படம் ஒன்றை அனுப்பினான். அதற்குக் கீழே, குழுவின் அமைதியைக் கருதி என்று ஒரு வரி. அதற்கு அடுத்து, ரோசலின் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். முன்பொருமுறை கோபித்துக்கொண்டு அவளே வெளியேறி, அவன் கையால் திரும்பச் சேர்ந்ததில், ஆரம்பித்தவளை யாரும் நீக்க முடியாது என்கிற காப்பு எப்போதோ போயிருந்தது.

தான் கட்டிய வீட்டிலிருந்து தன்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய மாதிரி இருந்தது அவளுக்கு. அதைவிட வலித்தது வேறொன்று. அத்தனை பேரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் குழுவில் அவளுடைய கூடப்பிறந்த தங்கை வினோலியாவும் இருந்தாள். அவளும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வினோலியா போன் செய்தபோது ரோசலின் எடுக்கவில்லை. மறுபடி செய்தபோது எடுத்து, "உங்க கிளெமென்ட் அண்ணன் நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். அதோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால் ரோசலின் முகத்தைத் திருப்பிப் பீடத்தைப் பார்ப்பாள்.

கோபம் அத்துடன் விட்டதா என்றால் இல்லை. ஒருநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், காலி மனையில் இருந்த பேய்ச்சுரைக் கொடியை வேரோடு அறுத்துப் போட்டாள். கிளெமென்ட் பால்கனியில் நின்று அதைப் படம் எடுத்து, 'நம் முன்னாள் அட்மின் களப்பணியில்' என்று குழுவில் போட்டான். சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன என்று யாரோ அவளுக்குச் சொன்னார்கள். அவள் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் வினோலியாவின் கணவர் ஜெரோம் போன் செய்தார். சாதுவான மனிதர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். "மதினி, வினோவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. வாந்தியா எடுத்து, அதுல ரத்தம் வந்துருச்சு. நீங்க வாரீகளா?"

ரோசலின் போனபோது வினோலியா ஐசியூவில் கிடந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிப்போய், கையில் ஒன்றுக்கு இரண்டாக டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். இன்றைக்குப் பொழுது தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று ரோசலின் கேட்டாள். ஒன்றுமில்லை, சுகருக்காக வெறும் வயிற்றில் சுரைக்காய் ஜூஸ் குடிப்பாள், அதுதான் என்றார் ஜெரோம். வீட்டில் காய்த்த காய், மருந்து அடிக்காதது என்று வேறு சொன்னார்.

ரோசலின் கட்டிலுக்கு அருகே போய்க் குனிந்தாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் தங்கையிடம் அவள் பேசிய முதல் பேச்சு இது: "எவன் குடுத்த வெதடீ?"

வினோலியா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நர்ஸ் வந்து ரோசலினை வெளியே போகச் சொன்னாள்.

மிச்சத்தை ஜெரோம்தான் வராந்தாவில் சொன்னார். இவர்கள் வீடு தன் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு என்பதால் கிளெமென்ட்டே ஆடியில் விதைக் கவரை வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். இன்றைக்குத்தான் முதல் காய் அறுத்தார்கள். ஜூஸ் ஒரு வாய் குடித்ததுமே கசக்கிறது என்று வினோலியா வைத்துவிட்டாள். கிளெமென்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "கசந்தா சுகருக்கு ரொம்ப நல்லதும்மா, பாவக்கா மாதிரி. நல்லா வேலை செய்யும், குடி," என்றிருக்கிறான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டாள். ஜெரோமுக்குப் பால் காபிதான் வழக்கம், அதனால் தப்பித்தார்.

ரோசலின் அதை டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவரும் அதையே சந்தேகித்திருந்தார். முறிக்க மருந்து கிடையாது, உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினாள். வாய் மங்கள வார்த்தை ஜெபம் சொன்னது. மனது கிளெமென்ட்டின் கழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

தேடியது சாயங்காலம் தானாகவே வந்தது. கையில் ஒரு பை சாத்துக்குடி. "வார்டனம்மா, கவலப்படாதீங்க, ஆண்டவர் கைவிட மாட்டாரு," என்றான் கிளெமென்ட்.

"ஆண்டவரு ஜூஸ் போட்டுக் குடுக்கல. நீதான்யா குடிக்கச் சொன்ன."

"அதே வெதயத்தான் நானும் போட்டேன். என் வீட்டுக் காய் இனிச்சுத்தான் கெடக்கு. வந்து சாப்பிட்டுப் பாருங்க."

"ஒண்ணு இனிக்கும், ஒண்ணு கசக்கும். கலந்த வெத அப்பிடித்தான் இருக்கும். அன்னைக்கே தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். நீ என்னயத் தூக்கி வெளிய போட்ட. இப்ப அவ உள்ள கெடக்கா. பழத்தக் கொண்டு வந்து யார் வாயில ஊட்டப் போற?"

அவள் பையைத் தட்டிவிட்டாள். சாத்துக்குடி வராந்தா முழுக்க உருண்டது. கிளெமென்ட் கண் கலங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பார்த்தவர்களுக்கு யார் மேல் இரக்கம் வரும்? இது ஆஸ்பத்திரி, சத்தம் போடுவதாக இருந்தால் வெளியே போங்கள் என்று ரோசலினைக் கேட்டுக்கு அனுப்பினார்கள். கிளெமென்ட்டுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் கேட்டுக்கு வெளியே ஆட்டோக்களுக்கு நடுவில் நின்று அழுதாள். தங்கைக்காக அழுகிறோமா, ஆத்திரத்தில் அழுகிறோமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வினோலியா பிழைத்தாள். மூன்றாம் நாள் சாதா வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சித் தண்ணீர் இறங்கியது. ரோசலினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே குரலும் வந்தது.

"அம்புட்டு பேருக்கும் கேக்குறாப்புல சொன்னேன்ல, நாக்குல வச்சுப் பாருங்க, கசந்தா துப்புங்கன்னு. கூடப்பிறந்தவ சொன்னா ஏறாது, அந்த மோர்க்காரன் சொன்னாத்தான் ஏறுமோ?"

வினோலியா சோர்ந்த குரலில் கேட்டாள், "எப்பக்கா சொன்ன?"

"குரூப்புல. என்னயத் தூக்குறதுக்கு முன்னாடி, கடைசியா போட்ட வாய்ஸ்ல."

"அதுலயா? அதுல கிளெமென்ட் அண்ணன வஞ்சதுதான இருந்துச்சு."

பொய் சொல்கிறாள் என்று ரோசலின் முடிவு கட்டினாள். தன் முட்டாள்தனத்தை மறைக்கிறாள், அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். இதற்கு மேல் அங்கே இருந்தால் நோயாளி என்றும் பார்க்காமல் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயந்து, அந்தக் கொடியைப் பிடுங்கினால்தான் ஆத்திரம் அடங்கும் என்று ஜெரோமைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வினோலியா வீட்டு மொட்டைமாடியில் ஏறியதும் அவள் கால் நின்றது. அப்படி ஒரு சுரைக்கொடியை அவள் தன் மாடியிலேயே வளர்த்ததில்லை. தேங்காய்நார்க் கயிற்றில் பின்னிய பந்தல். செவ்வண்டு வராமல் இலை மேல் டீக்கடை விறகடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவியிருந்தது. பக்கக் கிளை விடுவதற்காக அளவு பார்த்து நுனி கிள்ளியிருந்தது. தொட்டிக்கடியில் உப்பு கழுவிய தண்ணீர் வடிந்துபோன வெள்ளைத் தடம். சாயங்காலம் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைத்த பிஞ்சுகளுக்கு அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஒவ்வொன்றும் ரோசலின் எப்போதோ யாருக்கோ சொன்னது.

"எல்லாம் நீங்க சொன்னதுதான் மதினி," என்றார் ஜெரோம். "உங்க வாய்ஸ் ஒண்ணையும் அவ அழிக்கல. தண்ணி ஊத்தும்போது போட்டுக் கேட்டுக்கிட்டே ஊத்துவா."

"இம்புட்டையும் கேட்டவளுக்கு அது மட்டும் எப்பிடிக் கேக்காமப் போச்சு?"

ஜெரோம் கையிலிருந்த சாக்கை உதறினார். மறுபடி மடித்தார். அவரும் மூன்று நாளாகத் தூங்காதவர். சொல்லிவிடுவது என்று அப்போதுதான் தீர்மானித்தார் போல.

"வையிற எடத்தத் தள்ளி விட்டுருவா மதினி. அவ மட்டுமில்ல, குரூப்புல எல்லாருமே அப்பிடித்தான் கேப்போம். முன்பாதியத் தள்ளிட்டா பின்பாதியில செடி வந்துரும். அன்னைக்கு எம்புட்டுத் தள்ளியும் கிளெமென்ட்டுதான் வந்தாரு. சரி, இதுல செடி எதுவும் இல்லன்னு மூடி வச்சுட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

ரோசலின் அவரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். அவர் தலையைக் குனியவில்லை. அவள் திரும்பிக் கொடியின் அடியைப் பிடித்து இழுத்தாள். பந்தலோடு சேர்ந்து வந்தது. பிஞ்சு, பூ, சிவப்பு நூல் எல்லாவற்றையும் சாக்கில் திணித்தாள். வியர்வையைத் துடைத்தபோது கையிலிருந்த சாறு உதட்டில் பட்டுக் கசந்தது.

பிறகு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தன் போனை எடுத்தாள். குழுவை விட்டு நீக்கினாலும் பழைய மெசேஜ்கள் அதில் அப்படியே இருந்தன. கடைசியாகத் தான் அனுப்பியதைத் தொட்டாள். அவள் குரல் மாடியில் கணீரென்று எழுந்தது. மோர் வந்தது. பெருங்காயம் வந்தது. விசிட்டிங் கார்டு, கோட்டு. ஜெரோம் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டார். கட்டி முடித்தார். பாலிசி எடுத்தவர்கள் வந்தார்கள், அவனைப் பெற்றவர்கள் வந்தார்கள். சொன்னேன், கட்டாயம் சொன்னேன், இதோ வரும் என்று ரோசலின் காத்திருந்தாள். கூட்டைத் தின்றவர்கள் வந்தார்கள். விதை இன்னும் வரவில்லை. எரிச்சலில் அவள் கட்டைவிரல் தானாகவே போய், வாய்ஸில் ஊர்ந்துகொண்டிருந்த புள்ளியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டது.